ஓட்டுக்குள் இருக்கும் எலும்பு

சமையலறையில் முட்டையை உடைக்கும்போது ஒரு கேள்வி எழும். அடுப்பில் எண்ணெய் காய்கிற அவசரத்தில் அது மறந்தும் போகும். மஞ்சள் கருவும் வெள்ளைக்கருவும் கோழி தின்ற தீனியிலிருந்து வந்தன என்றால் நம்பிவிடலாம். ஓடு எப்படி வந்தது? மக்காச்சோளமும் புண்ணாக்கும் தின்கிற பறவை, சுண்ணாம்புக்கல் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஒரு கூட்டைத் தன் உடம்புக்குள் நாள்தோறும் கட்டுகிறது. அத்தனை சுண்ணாம்பு அந்தச் சிறிய உடம்பில் எங்கே இருக்கிறது?

பண்ணைகள் கழித்துவிட்ட முட்டைக்கோழிகளைக் கொண்டுவந்து வீட்டில் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். வந்த சில நாட்களில் ஒரு கோழி ஓடே இல்லாமல் தோல்முட்டை இடும். இன்னொன்று திண்ணையிலிருந்து குதித்த வேகத்தில் காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிடும். மூன்றாவது, நன்றாகத் தின்றுகொண்டே முட்டையை அடியோடு நிறுத்திவிடும். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு முட்டையைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தால் போதும்.

கூண்டிலிருந்து வந்தவை

நாமக்கல் பக்கம் பயணம் செய்தவர்கள் சாலையோரத்தில் நீண்ட கொட்டகைகளைப் பார்த்திருப்பார்கள். கம்பிக் கூண்டுகள் வரிசை வரிசையாக, தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். உள்ளே பெரும்பாலும் பிவி 300 போன்ற வெள்ளை லெகார்ன் கலப்பினங்கள். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் சுமார் 450 சதுர செ.மீ. ஓர் ஏ4 தாளின் பரப்பு 620 சதுர செ.மீ.க்கும் மேல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு, இருபது வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் கோழி, பொதுவாக 72 வாரத்தைக் கடந்ததும் ‘வயது முதிர்ந்த கோழி’ என்ற பெயரில் கறிக்கு விற்கப்படுகிறது. அதாவது ஒன்றரை வயதுக்குள் முதுமை. நன்றாகப் பராமரித்தால் கோழி ஐந்து, எட்டு வருடம்கூட வாழக்கூடியது.

இப்படிக் கழிக்கப்படும் கோழிகளை வாங்கி வீடுகளில் சேர்ப்பதை ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள் பிரிட்டனில். ஜேன் ஹவர்த் என்ற பெண்மணி 2005இல் டெவன் மாவட்டத்தில் தொடங்கிய அறக்கட்டளை அங்கே பெயர் பெற்றது. நம் ஊரில் இது இன்னும் அங்கொருவர் இங்கொருவர் செய்கிற காரியம். கொட்டகை காலியாகும் நாளில் ஐந்தாறு கோழிகளைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

வந்திறங்கும் கோழியைப் பார்க்கவே மனம் கஷ்டப்படும். கழுத்திலும் நெஞ்சிலும் இறகு தேய்ந்து தோல் தெரியும். கொண்டை வெளுத்து, நீண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். நகம் வளர்ந்து வளைந்திருக்கும். மண்ணைக் கண்டால் தயங்கி நிற்கும். முதல் சில இரவுகளில் பரணில் ஏறத் தெரியாமல் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துகொள்ளும். ஆனால் காலால் மண்ணைக் கிளறுவதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. புழுதியில் படுத்துச் சிறகை உதறிப் புரள்வதையும் அப்படித்தான். வாழ்நாளில் மண்ணையே மிதிக்காத கோழிகூட, காய்ந்த புழுதி கிடைத்த சில நாட்களுக்குள் அதைச் செய்துவிடுகிறது. வெளியே தெரியும் காயங்கள் இவ்வளவுதான், சீக்கிரம் ஆறியும் விடும். பெரிய சேதம் உள்ளே இருக்கிறது.

கோழியின் மூதாதை, தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் இந்தியாவின் சில பகுதிகளிலும் இன்றும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. அது வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டு, அடைபடுத்து, குஞ்சு பொரித்து, பிறகு நீண்ட ஓய்வெடுக்கும். நாட்டுக்கோழியும் ஓர் ஈடு முட்டையிட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். பண்ணைக் கோழியிடமிருந்து அடைபடுக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து நீக்கியிருக்கிறார்கள். அது வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். இடையில் ஓய்வே கிடையாது.

ஒரு முட்டையின் இருபத்தைந்து மணி நேரம்

வெள்ளைக் கோழி ஒன்று காலை ஏழு மணிக்கு முட்டையிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொக்கரித்துக்கொண்டு வெளியே வருகிறது. அரை மணி நேரத்துக்குள் அதன் சூலகத்திலிருந்து அடுத்த மஞ்சள் கரு விடுபடுகிறது. சேவல் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சேவல் கருவைச் சேர்க்கும், அவ்வளவே. முட்டை அது இல்லாமலும் உருவாகும்.

மஞ்சள் கரு நீண்ட கருக்குழாய்க்குள் விழுந்து, திருகித் திருகி நகரத் தொடங்குகிறது. முதல் கால் மணி நேரம் குழாயின் வாய்ப்பகுதியில் கழிகிறது. சேவலின் விந்து இருந்தால் இங்கேதான் கரு சேரும். அடுத்த மூன்று மணி நேரத்தில் வெள்ளைக்கரு சுற்றிக்கொள்கிறது. மணி பதினொன்றை நெருங்கும். பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், இரண்டு மெல்லிய சவ்வுகள் போர்த்தப்படுகின்றன. அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு நம் பொறுமையைச் சோதிக்கும் சவ்வுகள் இவைதாம். இந்தக் கட்டத்தில் முட்டை வெளியே வந்துவிட்டால் அதுவே தோல்முட்டை.

நண்பகல் கழிந்து அது குழாயின் அகன்ற பகுதிக்கு வந்து சேர்கிறது. இதை ஓட்டுப்பை என்று சொல்லலாம். இதுவரை நான்கைந்து மணி நேரமே ஆகியிருக்கிறது. இனி மிச்சமுள்ள இருபது மணி நேரமும் இங்கேதான். முதல் சில மணி நேரம் வெள்ளைக்கரு நீரை உறிஞ்சி உப்புகிறது. சவ்வின்மேல் சுண்ணாம்பு மணிகள் அங்கங்கே ஒட்டத் தொடங்குகின்றன. பொழுது சாயும் நேரத்தில்தான் ஓட்டுவேலை வேகம் பிடிக்கிறது. கோழி பரணில் ஏறித் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்குகிற அந்த இரவு முழுவதும், உள்ளே கால்சியம் கார்பனேட் படிகங்கள் அடுக்கடுக்காக வளர்கின்றன. விடியலுக்கு முன் வேலை முடிந்து, மேலே ஈரமான ஒரு மெழுகுப்பூச்சு பூசப்படுகிறது. காலை எட்டு மணிவாக்கில் முட்டை வெளியே.

நேற்று ஏழு, இன்று எட்டு. நாளை அதற்கும் சற்றுப் பின்னால். இப்படித் தள்ளித் தள்ளிப் போய், முட்டையிடும் நேரம் பிற்பகலை எட்டும்போது ஒரு நாள் இடைவெளி விழும். மஞ்சள் கருவை விடுவிக்கும் சுரப்பு இரவின் குறிப்பிட்ட சில மணி நேரத்தில் மட்டுமே பொங்கும். அந்த வாசல் அடைத்துவிட்டால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் அந்த ‘விட்ட நாள்’ இதனால் வருவது. பண்ணை இனங்களில் ஒரு முட்டைக்கான நேரம் 24 மணிக்கு மிக அருகே கொண்டுவரப்பட்டிருப்பதால், அவை வாரக்கணக்கில் விடாமல் இடும்.

இரண்டு கிராம் எங்கிருந்து?

ஓட்டின் எடை ஐந்தரை கிராம் என்று கொள்வோம். அதில் நூற்றுக்கு 94 பங்கு கால்சியம் கார்பனேட். அதற்குள் இருக்கும் கால்சியம் மட்டும் சுமார் இரண்டு கிராம்.

இரண்டு கிராம் சின்ன எண்ணாகத் தோன்றும். கோழியின் இரத்தத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் மொத்தமும் சுமார் 25 மில்லிகிராம். ஓட்டுப்பையோ வேலை மும்முரமாக நடக்கும்போது மணிக்கு 100 முதல் 150 மில்லிகிராம்வரை இழுக்கிறது. அதாவது பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தத்தின் கால்சியம் முழுவதும் வடிந்து மறுபடி நிரம்ப வேண்டும். இரவெல்லாம். நிரம்பத் தவறினால் ஓடு மெலிவதோடு நிற்காது. தசைகள் செயலிழந்து கோழி சாய்ந்துவிடும். முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு வேகமாகக் கால்சியத்தைப் புரட்டுவது வேறு எதுவும் அநேகமாக இல்லை.

தீவனத்திலிருந்து வருமே என்பீர்கள். வருகிறது. பண்ணைத் தீவனத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு கால்சியம் சேர்க்கிறார்கள். கோழி நாளுக்கு 100, 110 கிராம் தீவனம் தின்னும். ஏறத்தாழ நான்கு கிராம் கால்சியம் உள்ளே போய், அதில் பாதியளவு உடம்பில் சேர்கிறது. இரண்டு கிராம் வரவு, இரண்டு கிராம் செலவு. ஏட்டில் கணக்கு சரியாக இருக்கிறது. உடம்பில் இடறுகிறது. தின்பது பகலில், செலவு இரவில். தூள் சுண்ணாம்பு சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். நள்ளிரவில் ஓட்டுப்பை கேட்கும்போது குடலில் ஒன்றும் இருக்காது.

கிடங்கெலும்பு

பறவைகள் இதற்குக் கண்ட வழி அற்புதமானது. முட்டையிடும் பருவம் நெருங்கியதும், ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் சுரப்பின் தூண்டுதலால், கால் எலும்புகளின் உட்குழிவில் புதிதாக ஓர் எலும்பு முளைக்கிறது. இது உடலைத் தாங்குவதற்கான எலும்பு கிடையாது. பஞ்சு போன்ற, சீக்கிரம் கரையக்கூடிய எலும்பு. பகலில் கால்சியத்தைச் சேர்த்து வைத்து இரவில் எடுத்துக் கொடுப்பதே இதன் வேலை. ஆகவே இதைக் கிடங்கெலும்பு என்று அழைப்போம். 1934இல் இதைப் புறாக்களில் முதலில் விவரித்தார்கள். சேவலுக்கு இது கிடையாது. முட்டையிடாத பருவத்தில் பெட்டைக்கும் கிடையாது.

பறவைகளின் பழைய உறவு ஒன்றிலும் இது கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் மோன்டானாவில் தோண்டியெடுத்த ஒரு டைரனோசரஸின் தொடை எலும்புக்குள் இத்தகைய திசு இருப்பதை 2005இல் மேரி ஷ்வைட்சரும் அவருடைய குழுவினரும் அறிவித்தார்கள். 6 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த விலங்கு பெண், முட்டையிடும் நிலையில் இருந்தது என்று சொல்ல அந்தத் திசுவே ஆதாரம். ஒரு புதைபடிவத்தின் பாலைச் சொல்ல முடிந்தது எனக்கு இன்றும் வியப்பான செய்தி.

வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டையிடும் காட்டுக்கோழிக்குக் கிடங்கெலும்பு தாராளமாகப் போதும். பண்ணைக் கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் உள்ள கால்சியம் சுமார் 20 கிராம். 300 முட்டை என்றால் 600 கிராம். தன் எலும்புக்கூட்டைப் போல முப்பது மடங்கை ஒரே வருடத்தில் ஓடாக வெளியே அனுப்புகிறது அந்தக் கோழி.

இங்கேதான் சிக்கல். எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு எது கிடங்கு, எது தாங்கும் எலும்பு என்று பாகுபாடில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். எலும்பைக் கட்டும் செல்களோ, ஈஸ்ட்ரோஜன் ஓங்கியிருக்கும்வரை கிடங்கெலும்பை மட்டுமே கட்டும். தாங்கும் எலும்பில் அரித்த இடம் அரித்தபடியே கிடக்கும். முட்டை நிற்கும் நாள்வரை அந்தப் பழுது பார்க்கப்படாது.

நெஞ்சைத் தடவிப் பார்த்தால்

கோழியை மடியில் வைத்து நெஞ்செலும்பின் விளிம்பை விரலால் மெதுவாக நீவிப் பாருங்கள். நல்ல கோழிக்கு அது நேர்கோடாக ஓடும். பண்ணையிலிருந்து வந்தவற்றில் பலவற்றுக்கு அது வளைந்திருக்கும், அல்லது ஓரிடத்தில் முடிச்சுப் போலத் தடித்திருக்கும். முறிந்து தானாகக் கூடிய இடம் அது. நெஞ்செலும்பின் நுனி முழுமையாக எலும்பாக இறுகவே நாற்பது வாரம்வரை ஆகும். கோழி அதற்கு வெகு முன்பே முட்டையிடத் தொடங்கிவிடுகிறது.

பிரிட்டனில் 1989இல் வெளியான ஓர் ஆய்வு, கூண்டிலிருந்து பிடித்து ஏற்றி இறக்கிக் கசாப்புக் கூடத்தில் தொங்கவிடுவதற்குள் நூற்றுக்கு 29 கோழிகளுக்கு எலும்பு முறிந்துவிடுவதைக் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் எந்த வசதியும் இல்லாத வெறும் கம்பிக் கூண்டுகளை 2012 ஜனவரி முதல் தடை செய்தது. நம் நாட்டின் சட்ட ஆணையமும் 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் முட்டைக்கோழிகளை அடைத்துவைக்கும் முறையை ஆராய்ந்து வரைவு விதிகளை முன்வைத்தது. கூண்டு மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கூண்டில்லாத கொட்டகைகளிலும் நெஞ்செலும்பு முறிகிறது. ஆனால் அசையாத எலும்பு வேகமாக மெலியும். நடக்கவும் சிறகடிக்கவும் வழியில்லாத இடத்தில் இரண்டு இழப்பும் சேர்ந்துகொள்கின்றன.

இதிலிருந்து அன்றாடக் கவனிப்புக்கு உடனே சில முடிவுகள் கிடைக்கின்றன. நம் சந்தைகளில் கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்துப்போவது வழக்கம். இந்தக் கோழிகளுக்கு அதைச் செய்யவே கூடாது. இரண்டு சிறகையும் உடம்போடு அணைத்து, அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். பரண் ஓர் அடி உயரத்துக்கு மேல் வேண்டாம். ஏறி இறங்கச் சாய்வாக ஒரு பலகை வைத்தால் இன்னும் நல்லது. பஞ்சாரத்தில் நாளெல்லாம் கவிழ்த்து வைக்காமல், வெயில் படும் இடத்தில் திரியவிட வேண்டும். கோழியின் இறகில்லாத கால் தோலில் வெயில் படும்போது வைட்டமின் டி உருவாகிறது. குடலிலிருந்து கால்சியம் இரத்தத்துக்கு ஏற அது இல்லாமல் முடியாது.

கிளிஞ்சல் விஷயமும் இதில் சேர்ந்ததுதான். தீவனக் கடையில் உடைத்த கிளிஞ்சல் கிடைக்கும். தூளாக வாங்காமல் சிறு துண்டுகளாக வாங்குங்கள். துண்டு, கற்களால் தீனியை அரைக்கும் இரைப்பையில் தங்கி, இரவெல்லாம் மெதுவாகக் கரைந்து கால்சியத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். எலும்பிலிருந்து எடுக்க வேண்டிய பங்கு அந்த அளவுக்குக் குறையும். தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைப்பது முக்கியம். முட்டையிடும் கோழி மாலையில் தானாகவே கிண்ணத்தைத் தேடி வரும். முட்டையிடாத கோழி அதிகம் தொடாது. தொடவும் கூடாது, தேவைக்கு மேற்பட்ட கால்சியம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்தக் கோழிக்கு எவ்வளவு என்று அதன் உடம்புக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வெயில் காலத்து ஓடு

சித்திரை வெயிலில் முட்டை ஓடு மெலிவதைக் கடைக்காரர்கள்கூடச் சொல்வார்கள். தீனி குறைவது ஒரு காரணம். இன்னொன்று மூச்சு. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்பைத் தணிக்கும். இரைக்க இரைக்க இரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. கால்சியம் கார்பனேட்டில் உள்ள ‘கார்பனேட்’ அந்த வாயுவிலிருந்து வருவது. கால்சியம் இருந்தும் ஜோடி கிடைக்காமல் ஓடு மெல்லியதாகிறது. 1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெப்பத்தில் தவித்த கோழிகளுக்குச் சோடா நீர் குடிக்கக் கொடுத்தபோது ஓட்டின் தரம் உயர்ந்தது. வீட்டில் அதற்கு அவசியமில்லை. நல்ல நிழலும், மதியத்தில் ஒருமுறை மாற்றிவைக்கும் குளிர்ந்த தண்ணீரும் போதும்.

விளக்கு அணைந்த பிறகு

பண்ணையில் கோழிக்குத் தினமும் பதினாறு மணி நேர வெளிச்சம். நாமக்கல்லில் இயற்கையான பகல் மார்கழியில் பதினொன்றரை மணி நேரம், ஆனி மாதத்தில்கூடப் பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். மீதியைப் பல்பு கொடுக்கிறது. பறவை வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் ஊடுருவும் ஒளியையும் அங்குள்ள செல்கள் உணர்கின்றன. 1930களில் பிரான்ஸில் ஷாக் பெனுவா வாத்துகளைக் கொண்டு இதைக் காட்டினார். நீண்ட பகல் என்றால் இனப்பெருக்கத்துக்கு ஏற்ற காலம். பகல் சுருங்கினால் நிறுத்திக்கொள்ளும் காலம்.

வீட்டுக்கு வந்த கோழிக்கு ஒரே நாளில் மூன்று நான்கு மணி நேர வெளிச்சம் குறைந்துபோகிறது. பயணத்தின் அலைச்சலும் சேர்ந்துகொள்ள, சில வாரங்களில் முட்டை நிற்கும். இறகு கொட்டத் தொடங்கும்: முதலில் தலை, கழுத்து, பிறகு நெஞ்சும் முதுகும், கடைசியில் சிறகும் வாலும். கொண்டை சுருங்கி வெளுக்கும். பார்ப்பவர்கள் நோய் என்று பயந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர், “முட்டையும் வைக்கல, பார்க்கவும் நல்லா இல்ல, இன்னும் எதுக்குங்க தீனி போட்டுக்கிட்டு?” என்பார்.

அந்தக் கோழியின் வாழ்க்கையிலேயே மிக முக்கியமான வேலை நடப்பது அப்போதுதான். ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிட்டது. எலும்பைக் கட்டும் செல்கள் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தொடாமல் விட்டிருந்த தாங்கும் எலும்புக்குத் திரும்புகின்றன. கால்சியம் வெளியே போகாமல் உள்ளேயே படிகிறது. வெளியே புது இறகு, உள்ளே புது எலும்பு, இரண்டும் ஒரே நேரத்தில். இரண்டு மூன்று மாதம் எடுக்கும். இறகு பெரும்பாலும் புரதமே என்பதால் இந்தக் காலத்தில் புரதத்தைக் கூட்ட வேண்டும். உப்பில்லாத மீன்தூளும் எள்ளுப் புண்ணாக்கும் நல்லவை. இறகுக்கு வேண்டிய கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் இரண்டிலும் அதிகம். குஞ்சுகளுக்கென்று நம் பாட்டிமார் பிடித்துப் போட்ட கரையானும் இதற்கு ஏற்றது.

பல்பு போடலாமா?

முட்டை நின்ற வீடுகளில் கட்டாயம் வரும் கேள்வி இது. கூண்டில் ஒரு பல்பைத் தொங்கவிட்டால் முட்டை திரும்பும் என்பது உண்மைதான். போடாதீர்கள் என்பதே என் பதில். எலும்பு பாதி கட்டப்பட்ட நிலையில் மறுபடி இரவுதோறும் இரண்டு கிராம் எடுக்கத் தொடங்கினால், தாங்கும் எலும்பின் வேலை அங்கேயே நின்றுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. இடைவிடாமல் முட்டையிடும் கோழிகளுக்குச் சூலகப் புற்றுநோய் வயதோடு மிகுதியாக வருகிறது. மனிதப் பெண்களுக்கு வரும் அந்நோயை ஆராய்பவர்கள் கோழியையே மாதிரியாக வைத்துப் படிக்கும் அளவுக்கு. மஞ்சள் கரு குழாய்க்குள் விழாமல் வயிற்றறைக்குள் விழுந்து சீழ் பிடிப்பதும் இவற்றில் அதிகம். வயிறு உப்பி, கோழி வாத்தைப் போல நிமிர்ந்து நடந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சத்துணவுத் தட்டில் குழந்தைக்கு வைக்கும் முட்டை இப்படிப்பட்ட ஓர் உடம்பிலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு, ஓய்வு கிடைத்த சில கோழிகளிடமாவது அவசரம் காட்ட எனக்கு மனம் வருவதில்லை.

தை, மாசியில் பகல் நீளும்போது கொண்டை மறுபடி சிவந்து நிமிரும். கையை முதுகில் வைத்தால் கோழி சிறகை அகட்டிப் பணிந்து உட்காரும். முட்டை வரப்போவதற்கு அதுவே அடையாளம். ஓய்வுக்குப் பின் வரும் முட்டைகளை உடைத்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்: கழிப்பதற்கு முன் இட்டதைவிட ஓடு தடித்திருக்கும். அந்த ஓடுகளை எறியாமல் வெயிலில் காயவைத்து, வாணலியில் வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிக் கிளிஞ்சல் கிண்ணத்திலேயே போட்டுவிடலாம். ஓட்டுக்கு இரண்டு கிராம் திரும்பும்.